நாத்தனார் கொண்டுவந்த சத்து மாத்திரை

வெள்ளிக்கிழமை என்றால் வாசல் கோலம் காய்வதற்குள் துளசி வந்துவிடுவாள். ஏனாத்தூரில் முதல் பஸ்ஸைப் பிடித்து, காமாட்சியம்மனைக் கும்பிட்டு, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பிள்ளையார்பாளையம். முகத்தில் மாஸ்க், நெற்றியில் அம்மன் குங்குமம், தோளில் ஒரு துணிப்பை. அண்ணன் வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே குரல் உள்ளே வந்துவிடும்.

“அண்ணி! பொறந்த ஊட்டுக்கு ஒரு பொண்ணு வந்து நிக்கறாளே, வான்னு சொல்ல வாய் இல்லியா?”

பெரியநாயகி தலையைத் தூக்கமாட்டாள். பட்டுச் சேலையின் முந்தானை ஓரத்தில் தொங்கும் நூலைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுக் குஞ்சம் கட்டுவது அவள் தொழில். பாதி முறுக்கில் கையை எடுத்தால் நூல் பிரிந்துகொள்ளும்.

“வாய் இருக்குது, கைதான் இல்ல. நீ இன்னா விருந்தாளியா? பாய எடுத்துப் போட்டுக்கினு குந்து.”

“இந்த வரவேற்புக்கா நான் பஸ்ஸுல நின்னுக்கினே வந்தேன்?”

“நிக்காம குந்திக்கினு வந்திருக்கலாமே. யாரு வேணான்னது?”

இப்படி ஒருவரை ஒருவர் வார்த்தையால் கிள்ளாமல் அந்த இரண்டு பேருக்கும் பேச்சே தொடங்காது. புதிதாகப் பார்க்கிறவர்கள் சண்டை என்றே நினைப்பார்கள். ஆனால் பெரியநாயகியின் இரண்டு சிறுநீரகங்களில் ஒன்று இப்போது துளசியின் வயிற்றுக்குள்தான் இருக்கிறது.

அந்தக் கதை தெருவுக்கே தெரியும். துளசிக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. ஏனாத்தூரில் காலேஜ் பக்கம் அவள் நடத்தும் டிபன் கடையில் நெருப்பிலேயே நின்று நின்று, உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். கால் வீங்கி, முகம் வீங்கி, கடைசியில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ். அண்ணன் வெங்கடேசன் கொடுக்கலாம் என்றால் அவருக்குச் சர்க்கரை. வீட்டுக்காரர் கொடுக்கலாம் என்றால் ரத்த வகை சேரவில்லை. எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, “என்னுத டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்” என்று சொன்னவள் பெரியநாயகி. பொருந்திவிட்டது.

ரத்த உறவு இல்லாததால், நாத்தனாருக்கு அண்ணி கொடுப்பது என்றால் சென்னையில் பெரிய அதிகாரிகள் கூடி விசாரிப்பார்கள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, ஆசை காட்டினார்களா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அஞ்சாம் வகுப்பு படித்த பெரியநாயகி பயந்துபோகாமல் பதில் சொன்னாள்.

“ஐயா, என் கழுத்துல தாலி ஏறும்போது மூணாவது முடிச்சு இதுதான் போட்டுது. அப்ப பாவாடை கட்டிக்கினு இருந்த புள்ள. முடிச்சு போடத் தெரியாம என் தலைமுடியையும் சேத்து முடிஞ்சிட்டுது. அன்னிக்கி மாட்டினவ நான். இன்னும் என்னை வுடல.”

விசாரித்த அதிகாரியே சிரித்துவிட்டாராம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. துளசி பிழைத்தாள். கடையை மறுபடி திறந்தாள். அதன்பிறகுதான் அவளுக்கு ஒரு புது வியாதி வந்தது. அண்ணிக்கு என்ன செய்வது, என்ன செய்தால் தகும் என்கிற வியாதி. முதலில் பழமாக வந்தது. அப்புறம் பேரீச்சம்பழம், பாதாம், நெய். அதிலும் மனது அடங்கவில்லை. கடைக்குச் சாப்பிட வரும் காலேஜ் பையன் விஷால் என்று ஒருவன். ஜிம்முக்குப் போகிறவன், கையைத் தூக்கினால் சட்டை கிழியும். அவன் ஒருநாள் தோசைக்குக் காத்திருக்கும்போது ஒரு டப்பாவைக் குலுக்கி மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டதைத் துளசி பார்த்துவிட்டாள்.

“இது இன்னாப்பா?”

“மல்டிவைட்டமின், ஆன்ட்டி. ஃபுல் எனர்ஜி.”

“பொம்பளைங்க சாப்பிடலாமா?”

“யார் வேணாலும் எடுக்கலாம் ஆன்ட்டி. சத்துதானே, இன்னா பண்ணப் போவுது?”

அந்த ஒரு வார்த்தை போதும் துளசிக்கு. தை மாதத்தில் முதல் டப்பா வந்தது. சும்மா கொண்டுவந்து கொடுத்தால் அது துளசி இல்லையே. தேங்காய் பழத் தட்டில் டப்பாவையும் வைத்து அம்மன் சந்நிதியில் அர்ச்சனை செய்து, மூடிமேல் குங்குமம் இட்டுக் கொண்டுவந்தாள்.

“பிடி அண்ணி. உன் ஒடம்புல பாதிய எனக்குக் குட்த்துட்ட. இனிமே உன் ஒடம்பத் தேத்தறது என் பொறுப்பு. கண்ணுல ஒத்திக்கினு சாப்புடு.”

பெரியநாயகி கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். சாமி அலமாரியில் அம்மன் படத்துக்குக் கீழே வைத்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் பெரியநாயகி இருந்தாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கைலாசம் சொன்ன அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். கேட்காமல் வலி மாத்திரை கூடாது. நாட்டு மருந்து, சூரணம், லேகியம் எதுவும் கேட்காமல் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். குனிந்து குனிந்து குஞ்சம் கட்டிக் கழுத்து வலி உயிரை எடுத்தாலும் ஈரத்துணியைப் போட்டுக்கொள்வாளே தவிர மாத்திரை தொடமாட்டாள். பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் இடுப்பு வலிக்கு லேகியம் கொண்டுவந்தபோது, “ஐயோ வேணாக்கா, எனக்கு ஒண்ணுதான் இருக்குது” என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியவள்.

அப்படிப்பட்டவளுக்கு அந்த டப்பா மட்டும் மருந்தாகத் தோன்றவில்லை. நாத்தனார் சீர், அம்மன் பிரசாதம். பிரசாதத்தை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? இதைச் சாப்பிடலாமா என்று டாக்டரிடம்தான் போய்க் கேட்பார்களா?

ஒரு டப்பா மூன்றாயிற்று. தினம் ஒன்று போடும் மல்டிவைட்டமின். எலும்புக்கு என்று ஒரு கால்சியம் மாத்திரை. நோய் அண்டாது என்று ஆரஞ்சு நிறத்தில் சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி. அதோடு அட்டையில் நாலு நாலாக வரும் ஒரு மாத்திரை, வெயில் சத்து. “வீட்டுக்குள்ளயே குந்திக்கினு வேலை செய்யற, வெயிலே படல உனக்கு. இது வாரத்துக்கு ஒண்ணு போதுமாம். ஞாயித்துக்கிழமை போட்டுக்கோ” என்று துளசி சொல்லித்தான் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் கறிக் குழம்பு. கறி தின்ற வாயில் அம்மன் காலடியில் வைத்ததைப் போடுவதா? பெரியநாயகிக்கு மனது ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். வெள்ளிக்கு எடுத்து, அம்மனுக்கு உகந்த செவ்வாயை விடுவது குறையாயிற்றே என்று செவ்வாய்க்கும் ஒன்று. விளக்கேற்றி, விழுந்து கும்பிட்டு, கிழக்கே பார்த்து நின்று வாயில் போட்டுக்கொள்வாள். பௌர்ணமி வந்தால் அன்றைக்கும் ஒன்று. ஆரஞ்சு மாத்திரை இடுப்புச் சுருக்குப் பையில் இருக்கும். வேலை நடுவில் வாய் உலர்ந்தால் மிட்டாய் மாதிரி அடக்கிக்கொள்வாள்.

சித்திரை வந்தது. பெரியநாயகிக்குத் தாகம் தாகமாக எடுத்தது. எவ்வளவு குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. சோறு இறங்கவில்லை. வயிறு கட்டிக்கொண்டது. உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கியது. ஒரு குஞ்சம் கட்டுகிற நேரத்தில் இரண்டு முறை எழுந்து பின்பக்கம் போய்வர வேண்டியிருந்தது.

“இன்னாடி ஆச்சு உனக்கு?” என்றார் வெங்கடேசன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டிச் சத்தம் மாறினால் கண்டுபிடிப்பார், பெண்டாட்டி முகம் மாறினாலும் கண்டுபிடிப்பார்.

“வெயில்தான். அக்கினி நட்சத்திரம் வருதில்ல.”

துளசி அந்த வெள்ளிக்கிழமை வந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ, கன்னமெல்லாம் ஒட்டிப் பூட்டுதே! ஆரஞ்சு மாத்திரைய இன்னும் ரெண்டு சேத்துப் போடு அண்ணி. வாங்கியாந்து வச்சிருக்கறேன் பாரு.”

வைகாசியில் வருட டெஸ்ட். வெங்கடேசனும் அவளும் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தம் எடுப்பதற்கு முன்னால் நர்ஸ் எஸ்தர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டாள். எஸ்தருக்கு இந்த அண்ணி நாத்தனார் இரண்டு பேர் மேலும் தனி வாஞ்சை.

“வேற மாத்திரை எதுனா எடுத்துக்கறீங்களாம்மா?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“வலி மாத்திரை?”

“தொடவே மாட்டேன்.”

“நாட்டு மருந்து?”

“ஐயய்யோ!”

அவள் பொய் சொல்லவில்லை. அவள் மனதில் அப்படித்தான் இருந்தது.

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். எப்போதும் சிரித்துக்கொண்டு “வாங்க, குஞ்சம்மா” என்பவர், இன்றைக்குக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன வருஷம் நல்லா இருந்துது. இப்ப கிரியேட்டினின் ஏறி இருக்குது. கிட்னி சோர்ந்துபோயிருக்குன்னு அர்த்தம். ரத்தத்துல கால்சியமும் ஜாஸ்தி. அதுதான் தாகம், மயக்கம் எல்லாம். இது ஏன் ஏறிச்சுன்னு தெரியணும். உண்மையச் சொல்லுங்க, லேகியம் எதுனா?”

“காமாட்சி மேல ஆணையா இல்ல டாக்டர்.”

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இருப்பது ஒன்று. அதுவும் போனால்? தனக்காகக்கூட அவளுக்கு அவ்வளவு பயம் வரவில்லை. எனக்குக் கொடுத்ததால்தான் அண்ணிக்கு இப்படி ஆயிற்று என்று துளசி நினைத்தால், அந்தப் பெண் உயிரோடு இருக்கமாட்டாளே என்றுதான் வந்தது. வாய் உலர்ந்துபோனது. கை தானாகச் சுருக்குப் பைக்குப் போயிற்று. ஆரஞ்சு மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டாள்.

எதிரே எஸ்தர் நின்றிருந்தாள்.

“இன்னாம்மா அது?”

“இதுவா? மிட்டாய் மாதிரி ஒண்ணு. எங்க நாத்தனார் குட்த்தது.”

“காட்டுங்க.” வாங்கிப் பார்த்தாள். “வைட்டமின் மாத்திரைம்மா இது! இது மாதிரி வேற எதுனா ஊட்டுல இருக்குதா?”

“இருக்குதே, சாமி அலமாரியில.”

“சாமி அலமாரியிலயா?”

பெரியநாயகி சொல்லச் சொல்ல எஸ்தரின் கண் அகலமாகிக்கொண்டே போயிற்று. வெங்கடேசன் தலையில் அடித்துக்கொண்டார். “இத்தினி நேரம் டாக்டர் கேட்டாரே, சொல்றதுக்கு இன்னாடி?”

“அவரு மருந்துதானேங்க கேட்டாரு!”

டாக்டர் கைலாசம் கோபப்படவில்லை. மூச்சை விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“பெரியநாயகிம்மா, வைட்டமின் நல்லதுதான். நான் அது மேல குத்தம் சொல்லல. ஆனா கொறஞ்சவங்களுக்குத்தான் அது மருந்து. கொறயாதவங்களுக்கு அது சுமை. இந்த அட்டை மாத்திரை வெயில் சத்து, டி. ரொம்பக் கொறஞ்சவங்களுக்கு வாரம் ஒண்ணு, அதுவும் கொஞ்ச நாளைக்கு. நீங்க செவ்வா, வெள்ளின்னு போட்டிருக்கீங்க. மத்த டப்பாவுலயும் டி இருக்கும், கால்சியம் இருக்கும். எல்லாம் சேந்து ரத்தத்துல கால்சியத்த ஏத்திட்டுது. ஏ, டி மாதிரி சத்து மிஞ்சிப்போனா ஒடம்புலயே தங்கிடும், வெளிய போவாது. ஆரஞ்சு மாத்திரை மிஞ்சினா கிட்னி வழியாத்தான் போவணும், அளவு தாண்டினா கல்லு கட்டும். ரெண்டு கிட்னி இருக்கறவங்களுக்கே இது ஆவாது. உங்களுக்கு ஒண்ணு.”

“அம்மனுக்கு வச்சு எடுத்தது டாக்டர்.”

“நானும் சாமி கும்பிடறவன்தான். அம்மன் பிரசாதம் குங்குமம். அத வச்சுக்கோங்க. மாத்திரைய என்கிட்ட காட்டுங்க.”

இரண்டு நாள் அங்கேயே படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். எல்லா மாத்திரையும் நிறுத்தம். இறங்க மாசக்கணக்காகும், ஆனால் சீக்கிரம் பிடித்துவிட்டதால் இறங்கும் என்று டாக்டர் தைரியம் சொன்னார். வீட்டுக்குக் கிளம்பும்போது பெரியநாயகி அவர் மேஜை அருகில் வந்து நின்றாள்.

“டாக்டர், ஒரு வேண்டுதல். இது எங்க நாத்தனாருக்குத் தெரிய வேணாம். டெஸ்டுக்கு அதுவும் உங்ககிட்டதான் வருது. ஒரு வார்த்தை வுட்டுடாதீங்க. அது மனசு ஒடஞ்சிடும்.”

“நான் சொல்லமாட்டேன். ஒருத்தங்க விஷயத்த இன்னொருத்தங்களுக்குச் சொல்றது எங்க தொழில்ல இல்ல.” அவர் பேனாவை மூடினார். “ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு வாங்கித் தர்றவங்க, இதே டப்பாவுல இருந்து ஒண்ணு ரெண்டு தானும் போட்டுக்கறாங்களா?”

பெரியநாயகி வெங்கடேசனைத் திரும்பிப் பார்த்தாள்.

“மாத்தி வச்ச கிட்னி இருக்கறவங்க எதையும் தானா சேத்துக்கக் கூடாது. அவங்க சாப்பிடற மருந்து நுணுக்கமானது. அங்க இருக்கறதும் உங்க கிட்னிதானேம்மா.”

பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் அவள் காதில் இருந்தது. சொன்னால் துளசி உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் துளசி உடம்பு கெட்டாலும் கெடும், அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு டப்பாவும் வரும். விரதம் இருக்கிறேன், அதனால் மாத்திரை தொடுவதில்லை என்று ஒரு பொய் சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தாள். சாமி பேரில் பொய் சொல்ல வாய் வரவில்லை. “அம்மா, நீயே ஒரு வார்த்தைய என் வாயில குடு” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் டப்பாக்களையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு ஏனாத்தூருக்குப் போனாள். கடையில் காலை நேரக் கூட்டம். பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மாஸ்க்கோடு தோசைக்கல் முன் நின்றிருந்த துளசி, அண்ணியைப் பார்த்ததும் கரண்டியை அப்படியே போட்டாள்.

“இன்னா அண்ணி, சொல்லாம கொள்ளாம? டெஸ்ட் இன்னா ஆச்சு? அண்ணன் போன எடுத்தா ‘அப்புறம் பேசறேன்’னு சொல்லிக்கினே இருக்குது.”

“எல்லாம் சொல்றேன். தோசை தீயுது பாரு.”

“தீயட்டும், விஷால் தின்னுவான்.”

“ஆன்ட்டி!” என்று கத்தினான் அவன்.

கூட்டம் கலைந்து, எல்லாரும் வகுப்புக்குப் போனபிறகு துளசி அண்ணிக்கு ஒரு தோசை ஊற்றி எதிரில் வைத்தாள். பெரியநாயகி ஒரு விள்ளல் பிட்டாள். வாயில் வைக்காமல் சட்னியில் அழுத்திக்கொண்டே இருந்தாள். அதற்குள் துளசி கடைக்கு உள்ளே போய் ஒரு பெரிய டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பால் பவுடர் டின் மாதிரி.

“இது புரோட்டீன் பவுடராம். நீ வந்ததே நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழம அம்மன்கிட்ட வச்சு எடுத்தாரலாம்னு இருந்தேன்.”

“துளசி.”

“இன்னா?”

“நீ இத எதனா சாப்பிடறியா? மாத்திரை, பவுடர், எதனா?”

“நானா? நான் எப்டி சாப்பிடுவேன்? டாக்டர் எழுதினத தவிர ஒரு மாத்திரை நான் தொட்டதில்ல. ஏன்?”

பெரியநாயகியின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. அந்த நிம்மதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். செவ்வாயும் வெள்ளியும், ஆரஞ்சு மாத்திரையும், டாக்டர் காகிதத்தைப் பார்த்த பார்வையும், டிரிப்ஸும்.

துளசி எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

“வாரத்துக்கு ஒண்ணுன்னு தலை தலையா அடிச்சிக்கினேனே! செவ்வாக்கிழமைக்கு யாரு உன்ன போடச் சொன்னது? அம்மன் வந்து கேட்டாளா?”

“என்னைத் திட்டு. நல்லா திட்டு.”

“திட்டாம? உனக்கு ஒண்ணுதானே இருக்குதுன்னு ஒரு ஞாபகம்...” பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சின்னக் குரலில் பேசினாள்.

“உனக்குத் தெரியுமா அண்ணி, எனக்குத் தலைவலி வந்தாக்கூட எஸ்தருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் ஒரு மாத்திரை போடுவேன். அது என்னுது இல்லியே, எங்க அண்ணியோடதாச்சே, பத்திரமா வச்சிக்கணுமேன்னு பயம். அத்தினி பயந்து பயந்து பாத்துக்கினேன். உங்கிட்ட இருக்கறதப் பத்தி நெனைக்கவே இல்ல. நீ குட்த்தவ, நல்லா இருக்கறவன்னே வச்சிக்கினேன். உனக்கும் ஒண்ணுதான்னு எனக்கு ஒறைக்கவே இல்ல.”

பெரியநாயகி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். துளசியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சாலையில் போன பஸ்ஸின் தூசி இரண்டு பேர் மேலும் படிந்தது.

“எறங்கிடும்னு சொல்லிட்டாரு டாக்டர். நீ அழுதின்னா ரத்தக் கொதிப்பு ஏறும். அப்புறம் என் கிட்னிக்கு ஆவாது. பொத்திக்கினு இரு.”

அழுகைக்கு நடுவில் துளசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பேச்சப் பாரு. குட்த்தத சொல்லிக் காட்டறியா?”

“ஆமா, காட்டறேன். இன்னா பண்ணுவ?”

அடுத்த டெஸ்ட் ஆடியில். கால்சியம் இறங்கியிருந்தது. ஆவணியில் மறுபடி போனபோது துளசியும் கூடவே கிளம்பிவிட்டாள். டாக்டர் காகிதத்தைப் பார்த்து, “வாங்க, குஞ்சம்மா” என்று சொன்ன உடனேயே பெரியநாயகிக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது. கிரியேட்டினின் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

“ஒண்ணு மட்டும் நிஜமாவே கொறைவா இருக்குது. பி12. அதுக்கு ஒரு மாத்திரை எழுதறேன். அது மட்டும்தான். மூணு மாசம் கழிச்சு ரத்தம் பாத்து, போதும்னா நிறுத்திடலாம்.”

துளசி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். “நான் வாங்கிக் குடுக்கலாமா டாக்டர்?”

“தாராளமா. ஆனா சீட்டுல இருக்கறது மட்டும்.”

அந்தச் சீட்டைத் துளசி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம்வரை தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூங்கில் மண்டபம் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் நீட்டினாள். கடைக்காரர் கதிர்வேல் உள்ளே போய் ஒரு பளபளப்பான பெட்டியோடு வந்தார்.

“இது எடுத்துக்கோங்கம்மா. பி12 இதுலயும் இருக்குது, கூட இருபது சத்து. கால்சியம், டி, எல்லாம் ஒரே மாத்திரையில.”

“டியா?” துளசியின் குரலைக் கேட்டுத் தெருவில் போன ஆள் திரும்பிப் பார்த்தார். “எங்க அண்ணிக்கு ஒரு கிட்னி. இருபது சத்து எதுக்கு? சீட்டுல ஒண்ணு எழுதி இருக்குது, ஒண்ணு குடுங்க.”

“நல்லதுக்குத்தாம்மா சொன்னேன்.”

“நானும் நல்லதுக்குத்தான் வாங்கிக் குட்த்தேன், கேளுங்க இன்னா ஆச்சுன்னு!”

“விடு துளசி, மானம் போவுது” என்று பெரியநாயகி முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“போவட்டும். ஏங்க, அட்டைக்குப் பின்னாடி இன்னா எழுதி இருக்குதுன்னு வாய் விட்டுப் படிங்க. நான் கேக்கணும்.”

ஒரு கிட்னி என்று கேட்டதுமே கதிர்வேல் அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டார். வேறு அட்டையை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பி12 தவிர வேறொன்றும் இல்லை என்று ஆனபிறகே துளசி வாங்கினாள். கிளம்பும்போது அவரே, “முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா நாங்களும் பாத்துக் குடுப்போம்மா. இனிமே எது வாங்கினாலும் அத மொதல்ல சொல்லுங்க” என்றார். துளசி, “மைக் வச்சு சொல்றேன்” என்றாள்.

அந்த வார வெள்ளிக்கிழமையும் வாசலில் குரல் கேட்டது. ஆனால் வழக்கமான குரல் இல்லை.

“அண்ணி...”

பெரியநாயகி முதல்முறையாக நூல் முறுக்கை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். துளசியின் தோளில் பை இல்லை. கை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

பக்கத்து வீட்டு வாசலிலிருந்து சம்பூர்ணம், “இன்னா துளசி, கைய வீசிக்கினு வந்திருக்கற?” என்று கேட்டாள்.

“எங்க அண்ணிக்கு நான் வந்தா மட்டும் போதுமாம்க்கா. அதுதான் உத்தரவு” என்று துளசி ரோஷமாகச் சொன்னாள். உள்ளே வந்து, “பழமாச்சும் வாங்கியாந்திருக்கலாம். ஒரு மாதிரியா இருக்குது” என்று முணுமுணுத்தாள்.

“ஒண்ணும் வேணாம். படு கொஞ்ச நேரம்.”

“படுக்கறதா? உனக்கு எதனா வேலை இருந்தா குடு.”

“கடையில கல்லு முன்னாடி நிக்கறது பத்தாதா? படுன்னா படு.”

ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறாள். வந்ததும் பையைப் பிரிப்பாள், பாத்திரம் தேய்ப்பாள், கிளம்புவாள். ஒருநாளும் தலை சாய்த்ததில்லை. இன்றைக்கு ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டு, கையைத் தலைக்கு வைத்துப் படுத்தவள், ஏதோ பேசிக்கொண்டிருந்தபடியே தூங்கிப்போனாள்.

வெங்கடேசன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், தங்கை பட்டப்பகலில் வாய் திறந்து தூங்குவதைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“இன்னா இது, ஒடம்பு எதனா...?”

பெரியநாயகி வாயில் விரல் வைத்தாள்.

“ஒடம்பெல்லாம் நல்லா இருக்குது. அம்மா ஊட்டுக்கு வந்திருக்குதுங்க. தூங்கட்டும், சத்தம் போடாதீங்க.”